பேப்பர் படத்தின் பின்பக்கம்

அரபு நாடுகளை நான் முதன்முதல் பார்த்தது மீன் வெட்டுகிற கடுதாசியில்தான். மகள் வேலையால் வரும்போது ரெயினில் ஆட்கள் வாசித்துவிட்டுப் போட்ட பேப்பர்களை அள்ளிக்கொண்டு வருவா. மீன் வெட்ட, வெங்காயம் உரிக்க, கறிவேப்பிலை காயவிட, எல்லாத்துக்கும் எங்கள் குசினியில் அதுதான் விரிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள். இங்கிலீசு எழுத்துக் கூட்டுவேன், விளங்காது. ஆனால் படம் பார்க்கிறதுக்கு ஐந்தாம் வகுப்புக்கூடத் தேவையில்லை.

விளைமீனின் செதிலுக்குக் கீழே உடைந்த சுவர்கள் கிடக்கும். புகை கிடக்கும். துவக்குப் பிடித்த ஆம்பிளைகள், வாயைத் திறந்து கத்தி அழுகிற மனுசிமார், கண் மட்டும் தெரிகிற கறுப்புத் துணிகள். இடைக்கிடை வெள்ளை உடுப்புப் போட்ட பணக்காரர் ஒருத்தர் குதிரையோடு நிற்பார். அந்தப் பெரிய உலகத்தில் ஒருத்தர் தேத்தண்ணி குடிக்கிறதையோ, ஒரு தாய் பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுகிறதையோ, சட்டை காயப்போடுகிறதையோ நான் அந்தப் பேப்பரில் ஒருநாளும் காணவில்லை. அங்கே சமையலே நடக்கிறதில்லையாக்கும் என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதச் சரியான வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகையால் லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு அரபு மனுசி குடிவந்தபோது நான் செய்த முதல் வேலை யன்னல் திரையை இழுத்து விட்டதுதான்.

"அம்மா, அவ தனி மனுசி. உங்களை மாதிரித்தான்," என்றா மகள்.

"ஆர் கண்டது?"

"நான் கண்டனான். குப்பை வாளியை உருட்டிக்கொண்டு போறா. அதுக்குள்ளை குண்டோ வைச்சிருக்கப் போறா?"

இரண்டு வருசம் அந்தத் திரை அப்படியே கிடந்தது.

ஒரு மாரிகாலத்துப் புயற்காற்றில் இரண்டு வீட்டுப் பின்வளவுக்கும் நடுவில் இருந்த பலகை வேலியில் ஒரு துண்டு விழுந்துபோனது. என் கறிவேப்பிலைச் சாடியையும் காற்று உருட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கன்றை இந்தக் குளிரில் காப்பாற்றி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விடியக் கதவைத் திறந்தால், வேலி ஓட்டைக்குள்ளால் அந்த மனுசி வருகிறா. கையில் என்னுடைய சாடி. சாடியைச் சுற்றி ஒரு துவாய். பிறந்த பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தா. என் கையில் தந்துவிட்டு, ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றா.

அன்றைக்குத்தான் திரை திறந்தது.

அவ என்னைவிட நாலைந்து வயது மூத்தவ. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவ என்னைச் சிஸ்ரர் என்பா. ஈராக்கிலே மோசுல் என்ற பட்டணம் அவவின் ஊர். எங்கள் கதை முழுக்க உடைந்த இங்கிலீசும் கையும் கண்ணும்தான். அவ வாசிக்கிற இங்கிலீசு நல்லது, கதைக்கிறது கொஞ்சம் குறைவு. எனக்கு இரண்டும் குறைவு. நான் இங்கே எழுதுகிறது எங்களுக்கு விளங்கினதை.

வெள்ளிக்கிழமைகளில் காலையில் விளக்குக் கொளுத்திக் கும்பிட்டு, நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்துக்கொண்டு அவவிடம் போவேன். அவவும் வெள்ளிக்கிழமை தொழுகிற ஆள். தட்டு அளவுக்கு வட்டமாக, நடுவில் இறைச்சி வைத்து அவிக்கிற ஒரு பலகாரம் அவவின் ஊரில் பேர்போனதாம். முதல் வெள்ளி நான் கையை ஆட்டி, வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி, மச்சம் ஒன்றும் தொடமாட்டேன் என்றேன். அடுத்த வெள்ளி போனால் அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றைக் காட்டி, "இது புதுச் சட்டி. இறைச்சி தொடாத சட்டி. உங்களுக்கு," என்றா. உள்ளே உருளைக்கிழங்கும் முந்திரிகை வத்தலும் வைத்து அவித்திருந்தா. எனக்காக ஒரு சட்டியைத் தனியாக வைத்த ஆளை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினா.

பிஸ்கட் தகரப் பெட்டி. உள்ளே பேப்பரில் வெட்டின படங்கள். எல்லாம் மோசுல் படங்கள். நான் மீன் வெட்டின பேப்பரில் இருந்த அதே மாதிரிப் படங்கள்: கல்லுக் குவியல், கருகின கார், ஒரு பட்டாளத்துக்காரன். இதை ஏன் இந்த மனுசி சேர்த்து வைத்திருக்கிறா என்று நினைத்தேன்.

அவ ஒன்றை எடுத்துத் திருப்பினா. பின்பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, பென்சிலால் ஒரு தெரு கீறியிருந்தது. இன்னொன்றைத் திருப்பினா. அதிலும் தெரு. எல்லாத்துக்கும் பின்னால் தெருக்கள்.

அப்போதுதான் சொன்னா, தான் பட்டணத்து வரைபடம் கீறுகிற கந்தோரில் முப்பது வருசத்துக்குக் கிட்ட வேலை செய்தவ என்று. எந்த ஒழுங்கை எந்தத் தெருவில் போய் முட்டும், எந்தச் சந்தியில் எத்தனை கடை என்பதெல்லாம் அவவின் கைக்குத் தெரியும். பேப்பரில் தன் ஊர்ப் படம் வந்தால் வெட்டி எடுப்பா. அந்தப் படம் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று யோசிப்பா. பிறகு பின்பக்கத்தில் அதே இடத்தை, உடைய முதல் எப்படி இருந்ததோ அப்படிக் கீறுவா.

"இப்ப ஒண்டு கீறவோ?" என்று கேட்டா.

ஒரு புதுப் படத்தை எடுத்து வைத்தா. முதலில் ஆறு. "ஆறு இல்லாட்டி ஒண்டும் நிக்காது," என்றா. பென்சில் ஒரே இழுவையில் வளைந்து போனது. பிறகு பாலம். பிறகு தெரு. பிறகு நெல்மணி அளவு பெட்டி பெட்டியாகக் கடைகள். ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு கீறினா: முடி வெட்டுகிறவன், புத்தகம் கட்டுகிறவன், காய்ந்த அப்பிரிக்கொட் பழத்தைத் துணி மாதிரித் தட்டி விற்கிறவன். ஒரு மரத்தைக் கீறிவிட்டு, யோசித்து, அழித்து, ஒரு விரல் தள்ளிக் கீறினா. அவவின் கை நடுங்குகிற கை. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போது நடுங்கும். பென்சில் பிடித்தால் நடுங்கவில்லை.

உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. கீறி முடிந்ததும் படத்தை வாங்கி இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். இந்தப் பக்கத்துக் கல்லுக் குவியலின் இடது மூலை, அந்தப் பக்கத்தில் முடி வெட்டுகிறவனின் கடை. ஒரு கடுதாசி. அதன் ஒரு பக்கம் செத்துக் கிடந்தது, மற்றப் பக்கத்தில் சனம் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது.

"பேப்பர்காரரிலை கோவம் வரேல்லையோ அக்கா?"

"பேப்பர் பொய் சொல்லேல்லை சிஸ்ரர். உடைஞ்சது உண்மை. உடைய முதல் அங்கை என்ன இருந்தது எண்டு அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மிச்சத்தைக் கீறுறன்."

பிறகு அந்த ஊரில் வருசத்துக்கு இரண்டு வசந்தம் என்று சொன்னா. மாரிக்குப் பிறகு ஒன்று, கோடைக்குப் பிறகு இன்னொன்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீன் வெட்டப் பேப்பரை விரித்துவிட்டு, ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். எங்கள் ஊரும் சண்டைக் காலத்தில் இப்படிப் பேப்பரில் வந்ததுதானே. கம்பி வேலியும் கூடாரமுமாக. அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பற்றி யார் என்ன நினைத்துத் திரையை இழுத்தார்களோ.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அது தை மாதம், பல்லுக் கிட்டுகிற குளிர். எங்கள் ஆட்களுக்கு உச்சியிலும் காதிலும் பனி பட்டால் வருத்தம் வரும் என்ற பயம் எந்த வயதிலும் போகாது. மகளின் பழைய நீளக் கறுப்புக் கோட்டைப் போட்டு, அக்கா எனக்குப் பின்னித் தந்த கறுப்புக் கம்பளிச் சால்வையால் தலை, காது, மூக்கு, வாய் எல்லாம் மூடிச் சுற்றிக்கொண்டு போவேன். கண்ணும் கொஞ்சம் நெற்றியும்தான் வெளியில். காலில் மட்டும் மொத்தச் சொக்ஸும் ரப்பர்ச் செருப்பும். சப்பாத்துப் போட்டால் எனக்கு நடக்க ஏலாது.

பின்வளவு சேறு என்றபடியால் அந்த வெள்ளி முன்பக்கத்தால் போனேன். இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்துச் சிரித்துவிட்டு, என் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவவின் வாசல் பச்சைக் கேற்றால் வெளியில் வந்தேன். றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பெரிய கமராவோடு நின்றார். கவுன்சில்காரர் றோட்டுப் பள்ளத்தைப் படமெடுக்கிறாராக்கும் என்று நினைத்துக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

அடுத்த கிழமை மகள் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, இஞ்சை பாருங்கோ! பக்கத்து வீட்டு அவ பேப்பரிலை வந்திருக்கிறா!"

அரைப் பக்கத்துக்குப் படம். பச்சைக் கேற். கறுப்பால் மூடின ஒரு உருவம் குனிந்துகொண்டு வெளியில் வருகிறது.

மகள் வாசித்து வாசித்துச் சொன்னா. லண்டனில் சில தெருக்களுக்குள் அரபு உலகம் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறதாம். அங்கே இருக்கிற பெண்கள் அயலட்டையோடு ஒரு வார்த்தை கதைக்கிறதில்லையாம். அப்படிப்பட்டவர்களில் ஒருத்திதான் இது என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி.

நான் படத்தைப் பார்த்தேன். சால்வைக்கும் புருவத்துக்கும் நடுவில் மூன்று வெள்ளைக் கோடு. திருநீறு. அச்சடித்தவர்கள் அதை அச்சுப் பிழை என்று நினைத்திருப்பார்கள். பார்க்கவே இல்லையோ தெரியாது. கீழே படத்தைக் கணுக்காலோடு வெட்டியிருந்தார்கள். செருப்பும் சொக்ஸும் இல்லை. செருப்பு இருந்திருந்தால் அது யாரோ ஒரு ஆளாக இருந்திருக்கும். செருப்பை எடுத்துவிட்டதும் அது அரபு உலகமாகிவிட்டது.

இரண்டு மணித்தியாலம் அயலட்டையோடு வாய் வலிக்கக் கதைத்துவிட்டு வந்த என்னைத்தான், அயலட்டையோடு கதைக்காத மனுசி என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பிழையைக்கூட இவ்வளவு முழுசாக விட ஏலுமா என்று பிரமித்துப்போய் நின்றேன். 

"அவதானே அம்மா?" என்றா மகள்.

"கேற் அவவின்ரைதான்," என்றேன். நான் படமெடுக்க நிற்காத ஆள். மகளின் கலியாண அல்பத்திலேயே தூணுக்குப் பின்னால் பாதித் தோளாகத்தான் நிற்கிறேன். கோயிலில் நாலு பேர் பார்த்தாலே வேர்க்கும். அது நான்தான் என்று சொன்னால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்ற ஒரே பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அதுக்குப் பிறகு அக்காவின் யன்னலில் முட்டை வந்து உடைந்தது. அந்தப் பேப்பர்ப் படத்தை யாரோ வெட்டி, மேலே கெட்ட வார்த்தை எழுதி, கதவுத் துவாரத்துக்குள்ளால் போட்டார்கள். பஸ் தரிப்பில் ஒருத்தன் அவவைப் பார்த்துத் துப்பினான். அவ வினாகிரியும் சுடுதண்ணியும் கொண்டு யன்னல் துடைக்கிறதை நான் என் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுபடியும் அதே திரைக்குப் பின்னால்.

வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். "பேப்பர் பாத்தனீங்களோ அக்கா?"

"பாத்தன்."

"ஆர் அது?"

அவ பலகாரத்தை என் தட்டில் வைத்தா. "ஆரோ பாவம், குளிரிலை போற மனுசி," என்றா.

மூன்றாம் கிழமை அவவே சொன்னா: லண்டனின் மற்றக் கரையில், கிங்ஸ்பரியில் இருக்கிற மகன் தன்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான், இனி இங்கே தனிய விடமாட்டானாம். நான் சட்டியோடு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட ஏலவில்லை. இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருசத்தில் என் வீட்டு ஆட்களைத் தவிர நான் வாய்விட்டுக் கதைத்தது அவவோடு மட்டும்தான். அவ போனால் நான் பழையபடி யன்னலும் திரையுமாகத்தான் இருப்பேன். அவவின் வீட்டை அவவிடமிருந்து பறித்தது என்னுடைய கறுப்புச் சால்வையும் என்னுடைய பேசாத வாயும்.

சனிக்கிழமை காலை மகன் வானில் வந்து, மடித்த மட்டைப் பெட்டிகளை இறக்கினார். யன்னலால் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கோட்டும் இல்லாமல், கட்டியிருந்த சேலையோடும் செருப்போடும் பின்வளவுச் சேற்றுக்குள்ளால் வேலி ஓட்டையில் நுழைந்து போனேன்.

குசினி மேசையில் பிஸ்கட் பெட்டி இருந்தது. மகன் அதுக்குக் கயிறு கட்டப் போனார்.

"பொறுங்கோ தம்பி. அந்தப் படம் எங்கை? பேப்பரிலை வந்த படம்?"

அவர் தாயைப் பார்த்தார். அக்கா மெல்லப் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்ததை எடுத்துத் தந்தா. பழக்கத்தில் நான் அதைத் திருப்பினேன்.

பின்பக்கம் கீறியிருந்தது.

மோசுல் இல்லை. இரண்டு வீடு. நடுவில் வேலி, வேலியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாடி, அதில் எண்ணக்கூடிய மாதிரிச் சின்னச் சின்ன இலை. அவவின் குசினிக்குள் ஒரு மேசையும் இரண்டு கதிரையும். என் கதவிலிருந்து அந்த மேசைவரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரு பாதை. என் கதவுக்கு மேலே, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரைபடத்தில் அடையாளம் போடுகிற மாதிரி, மூன்று சின்னக் கோடு.

கதிரையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"பாத்த உடனை."

"முட்டை எறிஞ்சாங்களே அக்கா. துப்பினாங்களே. அது நானில்லை, பக்கத்து வீட்டு மனுசி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"உங்களுக்குப் படத்திலை வாறது பிடிக்காது," என்றா. "நான் சொன்னா எல்லாரும் உங்களைப் பாப்பினம்."

நான் பயந்து ஒளித்துக்கொண்டிருந்த அந்த மூன்று கிழமையும் அவ என்னை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறா. அயலாரோடு கதைக்காத ஆட்கள் என்று பேப்பரில் பேர் வாங்கின ஆள், அயலாளுக்காகக் கதைக்காமல் இருந்திருக்கிறா. கோபுரத்தைக் கிட்ட நின்று அண்ணாந்து பார்க்கும்போது தலை சுற்றுமே, அப்படி இருந்தது எனக்கு, அந்தக் குசினிக்குள்.

நான் மகனிடம் திரும்பினேன். "தம்பி, இது நான்."

அவர் சிரித்தார். நல்ல பிள்ளை, ஆனால் சிரித்துவிட்டார். "அன்ரி, நீங்கள் என்ரை அம்மாவிலை வைச்ச அன்பிலை சொல்லுறீங்கள்."

கொளுவியில் அக்காவின் கறுப்புச் சால்வை தொங்கினது. எடுத்துத் தலை, காது, மூக்கு எல்லாம் சுற்றிக்கொண்டு, சட்டியை அணைக்கிற மாதிரிக் கையை வைத்து, குனிந்து நின்றேன். நெற்றியில் அன்றைக்கும் திருநீறு. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"கடவுளே!" என்றார். "இவ்வளவு நாளும் நான்கூட அம்மா எண்டுதான் நினைச்சன்."

"பெத்த தாயையும் அடையாளம் தெரியேல்லை இவனுக்கு," என்றா அக்கா.

ஆனால் அவர் பெட்டிகளைத் திருப்பி வானில் ஏற்றவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார், "அன்ரி, படத்திலை ஆர் எண்டதில்லைப் பிரச்சினை. கேற்றுத்தான் பிரச்சினை. கேற்றை எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது. பேப்பர்காரர் தாங்கள் விட்டது பிழை எண்டு தங்கடை பேப்பரிலையே போட்டா அம்மா இருக்கட்டும். போடமாட்டினம். ஒரு மாதம் பாக்கிறன். பிறகு கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"போடுவினம்," என்றேன். ஏன் சொன்னேன், எந்தத் துணிவில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவ தலையில் கை வைத்தா. "மூண்டு கிழமையா வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீங்களே அம்மா!"

"நீயும்தான். தாயைத்தான் தெரியேல்லை, உன்ரை கோட்டையாவது தெரிஞ்சிருக்கலாம்."

மகள் அன்றைக்கே ஷிப்டுக்குப் போக முதல் பேப்பருக்கு ஈமெயில் எழுதினா. ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அந்தப் படம் சும்மா மாதிரிக்குப் போட்டதாம், குறிப்பிட்ட ஒரு ஆளைச் சொல்லவில்லையாம்.

"எதுக்கு மாதிரி?" என்று கேட்டேன்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை நாள் முழுக்க மனதுக்குள் சுற்றிக்கொண்டு நின்றது. முன்னமும் எத்தனை பேரை மாதிரிக்குப் போட்டிருப்பார்கள். நான் மீன் வெட்டின பேப்பர்களில் இருந்த கறுப்புத் துணிகளுக்குள் எந்தெந்த ஊர் மனுசிமார், எந்தெந்தச் சட்டியோடு போனார்களோ.

மகள் திருப்பி எழுதினா. அப்போது, படத்தில் இருக்கிறது நான்தான் என்பதுக்கு அத்தாட்சி தரச் சொல்லிக் கேட்டார்கள்.

"அம்மா, ஒரு போட்டோ எடுக்க வேணும். அதே கேற்றடியிலை. முதல் மூடிக்கொண்டு ஒண்டு, பிறகு முகம் தெரிய ஒண்டு."

படமெடுக்கிற நாள் காலை கோட்டைப் போட்டேன், கழற்றினேன். ஒரு வாய் தேத்தண்ணி குடித்தேன். போகும் வழியில் திரும்பி வந்துவிடுவேன் என்று மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தா. றோட்டில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பஸ் சிவப்பு விளக்குக்கு நின்றது, அது முழுக்க முகங்கள்.

"சிரியுங்கோ அம்மா."

"ஏன் சிரிக்க வேணும்? அதிலை சிரிச்சனானோ?"

"சரி, சிரிக்க வேண்டாம். இப்ப சால்வையை எடுங்கோ."

கை வரவில்லை. அந்த நேரம் பின்னால் கேற் கிறீச்சிட்டது. அக்கா வெளியில் வந்து என் பக்கத்தில் நின்றா. என்னைப் பார்க்கவில்லை, றோட்டைப் பார்த்துக்கொண்டு, தன் கையில் இருந்த சட்டியை என் கையில் தந்தா. என்னுடைய தனிச் சட்டி. சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் எப்படியோ சால்வையை இறக்கிவிட்டேன்.

"கால் தெரிய எடு பிள்ளை," என்றேன். "முழுசா எடு."

பிறகு காத்திருப்பு. பெட்டிகள் விரிக்காமல் அக்காவின் வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றன. நான் ஒவ்வொரு வெள்ளியும் அவற்றைக் கடந்து போய், கடந்து வந்தேன். அவ ஒரு நாளும், வந்ததா என்று கேட்கவில்லை. மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மகள் பேப்பரோடு ஓடிவந்தா.

உள்ளே, பின்னுக்கு, ராசிபலனுக்குப் பக்கத்தில் இருந்தது. தீப்பெட்டி அளவுதான். இன்ன நாள் போட்ட படத்தில் இருக்கிறவர் அரபுப் பெண் இல்லை, தன் சிநேகிதியைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண், தவறுக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். படம் அரைப் பக்கம், பிழை என்றது தீப்பெட்டி. ஆனாலும் இவ்வளவு பெரிய பேப்பர், ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு மனுசியிடம் பிழை என்று சொல்லியிருக்கிறது. சிநேகிதி என்ற சொல்லை மகள் காட்டினா. அந்த இங்கிலீசுச் சொல்லை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மகன் அடுத்த ஞாயிறு வந்தார். அதை வாங்கி வாசித்தார். "இதை ஆர் வாசிக்கப் போகினம் அன்ரி?" என்றார். பிறகு, "சொன்னது சொன்னதுதான்," என்று சொல்லி, பெட்டிகளைத் தூக்கி வானில் போட்டார். போகமுதல் பச்சைக் கேற்றுக்குப் புதுக் கொளுக்கி ஒன்று பூட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பயம் போகவில்லை என்று எனக்கு விளங்கினது. எனக்கும் முழுக்கப் போகவில்லை.

அந்த வெள்ளி அக்கா அந்தத் தீப்பெட்டி அளவுப் பேப்பர்த் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தா. பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டினா. தெரு கீற அதில் இடம் இல்லை. யோசித்துவிட்டுக் கேற்றை மட்டும் கீறினா, புதுக் கொளுக்கியோடு. பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினா.

"எனக்குக் கீறத் தெரியாது அக்கா."

"கால்," என்றா. கேற்றுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினா. "அவங்கள் வெட்டின கால்."

என் கை நடுங்கினது. பென்சில் பிடித்தும் நடுங்கினது. பத்து வயதுக்குப் பிறகு நான் ஒன்றும் கீறினதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, கேற்றடியில், வெளியில் வருகிற மாதிரி, இரண்டு செருப்புக் கீறினேன். ஒன்று பெரிதாய்ப் போய்விட்டது. அவ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தா, ஒன்றையும் அழிக்கவில்லை, பெட்டிக்குள் வைத்து மூடினா.